முதலில் பயன், பிறகு சரிபார்ப்பு
அமைப்புசாராத் தொழிலாளர் நலத்திட்டங்களில் தொழில்நுட்பம்: எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

கட்டடத் தொழிலாளர், வீட்டுப் பணியாளர், தையல்காரர், சுமைதூக்குவோர், உணவு டெலிவரி செய்வோர் ஆகியோருக்கான பதிவும் உதவித்தொகையும் இன்று கணினி வழியே நடக்கின்றன. தமிழ்நாட்டு நலவாரியங்களில் 2020 முதல் இணையவழிப் பதிவு நடைமுறையில் உள்ளது. ஒன்றிய அரசு 2021 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கிய இ-ஷ்ரம் தளத்தில் 30 கோடிக்கும் மேற்பட்டோர் பதிந்துள்ளனர். இந்த மாற்றம் ஏழ்மையைக் குறைக்க என்ன செய்ய வேண்டும் என்பதே கேள்வி.

எங்கள் நிலைப்பாடு

தொழில்நுட்பத்தை வரவேற்கிறோம். ஆனால் கருவி பழுதானாலும் பதிவு பிழையானாலும் அதன் இழப்பு தொழிலாளியின் தலையில் விழக் கூடாது. தகுதி உள்ளவருக்கு முதலில் பயன் கிடைக்கட்டும். ஐயம் இருந்தால் அதன் பிறகு அரசு சரிபார்க்கட்டும்.

காரணங்கள்

சிமெண்டும் சுண்ணாம்பும் புழங்கும் சித்தாளின் விரல் ரேகை தேய்ந்துபோகிறது. இயந்திரம் அதை ஏற்க மறுத்தால், உழைத்த கையே உரிமையைப் பறிக்கும் காரணமாகிவிடுகிறது. கையில் காசில்லாத மாதங்களில் ரீசார்ஜ் செய்யாமல் விட்ட சிம் செயலிழக்கிறது. அந்த எண் பின்னர் வேறொருவருக்குப் போய்விடுகிறது. பழைய எண்ணுக்குப் போகும் ஓடிபி உரியவருக்கு வருவதில்லை. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019–21), இந்தியாவில் ஒருமுறையேனும் இணையத்தைப் பயன்படுத்திய பெண்கள் 33 சதவீதம், ஆண்கள் 57 சதவீதம். வீட்டு வேலையிலும் சித்தாள் வேலையிலும் இருப்பவர்களில் பெண்களே மிகுதி. இணையம் ஒன்றே வாசல் என்றால் முதலில் வெளியே நிற்பவர்கள் இவர்கள்தான்.

பதிவு மட்டுமே நலம் ஆகிவிடாது. புலம்பெயர் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் விசாரித்தபோது, இ-ஷ்ரமில் பதிந்திருந்தவர்களில் சுமார் 8 கோடிப் பேருக்கு ரேஷன் அட்டை இல்லை என்பது வெளிவந்தது. அவர்கள் பெயர்கள் அரசின் கணினியில் இருந்தன. அவர்கள் வீட்டுக்கு அரிசி வரவில்லை. நீதிமன்றம் ஆணையிட்ட பிறகே அட்டை வழங்கும் வேலை நகர்ந்தது. ஆனாலும் அந்தப் பட்டியல் இருந்ததால்தான் விடுபட்டவர்கள் யார் என்று தெரிந்தது. தொழில்நுட்பத்தின் மெய்யான பயன் அதுவே.

கண்காணிப்பு ஒரு பக்கமாகவே இருக்கிறது என்பதும் எங்கள் கவலை. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2023 ஜனவரி முதல் வேலைத்தளத்தில் நாளுக்கு இரண்டு முறை செயலியில் படம் எடுத்து வருகையைப் பதிவது கட்டாயமாக்கப்பட்டது. சிக்னல் கிடைக்காத ஊர்களில் வேலை செய்தவருக்கும் வருகை விடுபட்டது. கூலியைத் தாமதமாகத் தரும் அலுவலகத்தை அதே கண்டிப்போடு படம் பிடிக்கும் செயலி எதுவும் வரவில்லை.

சரியாகச் செய்யவும் முடியும். கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தில் 2023-இல் விண்ணப்பமும் டோக்கனும் வீடு தேடி வந்தன. முகாம்களில் ஆட்கள் உட்கார்ந்து பதிந்தார்கள். மறுக்கப்பட்டவர்களுக்குக் குறுஞ்செய்தியில் தகவல் போனது, மேல்முறையீட்டுக்கு 30 நாள் தரப்பட்டது. எளிய மக்களுக்கு முன்னால் மனிதரும் அவருக்குப் பின்னால் கணினியும் இருந்த ஏற்பாடு அது. ராஜஸ்தானின் ஜன் சூச்னா தளம் 2019 முதல் திட்டப் பயன்கள் யாருக்குப் போகின்றன என்பதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கிறது. கணக்குச் சொல்லும் கடமை அங்கே அரசின் பக்கம் திரும்புகிறது.

கோரிக்கைகள்

1. கைரேகையோ ஓடிபியோ கிடைக்காதபோது நலவாரிய அலுவலர் நேரில் அடையாளம் கண்டு விண்ணப்பத்தை ஏற்க வேண்டும். இது அதிகாரியின் விருப்பத்துக்கு விடப்படாமல் விதியாக வேண்டும்.

2. மனுவை நிராகரித்தால் காரணத்தை எளிய தமிழில் எழுதித் தர வேண்டும். திருத்தவும் மேல்முறையீடு செய்யவும் குறைந்தது 30 நாள் வேண்டும். சர்வர் கோளாறால் கழிந்த நாட்களை இந்தக் கெடுவில் சேர்க்கக் கூடாது.

3. நிலுவையில் உள்ள மனுக்கள் எத்தனை, எத்தனை நாளாகக் கிடக்கின்றன என்பதை மாவட்டவாரியாக, தனிநபர் விவரம் வெளியாகாமல், மாதந்தோறும் வெளியிட வேண்டும்.

4. தொழிலாளர் நலநிதிக்கான வரி எவ்வளவு வசூலானது, எவ்வளவு செலவானது என்பதும் அதே இடத்தில் தெரிய வேண்டும். கட்டடச் செலவிலிருந்து பெறப்படும் அந்தப் பணம் கட்டடத் தொழிலாளருக்கே உரியது.

5. செயலி வழி வேலை செய்வோருக்குத் தமிழ்நாடு 2023-இல் தனி நலவாரியம் அமைத்ததை வரவேற்கிறோம். அடுத்த படியாக, நிறுவனங்கள் தொழிலாளரின் ஐடியை முடக்கி வேலையை நிறுத்துவதற்கு வரம்பு வேண்டும். கர்நாடகத்தின் 2025-ஆம் ஆண்டுச் சட்டம் வேலையிலிருந்து நீக்குமுன் பொதுவாக 14 நாள் அறிவிப்பும் காரணமும் தரச் சொல்கிறது. இங்கும் அப்படியொரு சட்டம் வேண்டும்.

6. தொழிலாளர் தந்த விவரங்கள் நலத்திட்டத்துக்கு மட்டுமே பயன்பட வேண்டும். அவற்றைக் கடன் நிறுவனங்களுக்கோ விளம்பரதாரர்களுக்கோ தரக் கூடாது.

எங்கள் பொறுப்பு

எங்கள் உறுப்பினர்களுக்குப் பதிவு, புதுப்பித்தல், மேல்முறையீடு ஆகியவற்றில் கட்டணமின்றி உதவுவோம். நிராகரிக்கப்பட்ட மனுக்களை, உரியவர் ஒப்புதலோடு, காரணவாரியாகத் தொகுத்து வாரியத்திடம் அளிப்போம். புதிய செயலியோ தளமோ நடைமுறைக்கு வருமுன் அதைத் தொழிலாளரே சோதித்துப் பார்க்க அரசு அழைத்தால், கொத்தனாரையும் சித்தாளையும் வீட்டுப் பணியாளரையும் அழைத்து வந்து உட்கார வைக்க ஆயத்தமாக இருக்கிறோம். அவர்களால் தடையின்றிப் பயன்படுத்த முடிந்தால்தான் அந்தத் தளத்தைத் திறக்க வேண்டும் என்பதே எங்கள் உறுதியான கருத்து.