தந்தைமொழி எங்கே?

பினாங்கிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த நண்பர் ஒருவரை அண்மையில் அவர்தம் ஊரிற் கண்டோம். இராமநாதபுரக் கடற்கரை ஊரினர், இசுலாமிய நெறியினர், மணந்தது மலாய்ப் பெண்மணியை. நாம் அமர்ந்திருக்கையிலேயே அவர் அன்னையார் பேரனைப் பார்த்துப் "பசியாறினாயா தம்பி?" என்று கேட்டார். எட்டகவைச் சிறுவன் தந்தையின் முகத்தைப் பார்த்தான். தந்தை அதை மலாயிற் பெயர்த்துச் சொன்னார். பெற்ற தாய்க்கும் பெற்ற மகனுக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளராய் ஒருவர் நிற்பதா? கேட்டோம். "வீட்டில் மலாய், பள்ளியில் மலாயும் ஆங்கிலமும், ஓதுவதற்கு அரபு. இதன்மேல் தமிழையும் ஏற்றினால் பிள்ளை தாங்குமா?" என்றார்.

தாங்கும் என்கின்றோம். அவர் குடியேறிய மண்ணே அதற்குச் சான்று கூறும். மலாய்ப் புத்திலக்கியத்தின் தந்தையென மலாயரே போற்றும் முன்சி அப்துல்லா யார்? தமிழ்வழியும் அரபுவழியும் கலந்த இசுலாமியக் குடியில், 1796-இல் மலாக்காவிற் பிறந்தவர். 1849-இல் அச்சேறிய தம் வாழ்க்கை வரலாற்றில், தம் தந்தையார் தம்மைத் தமிழ் கற்க அனுப்பியதை அவரே எழுதிவைத்துள்ளார். மலாக்காவின் நற்குடிப் பிள்ளைகள் தமிழ் கற்பது முன்னோர் காலந்தொட்ட வழக்கம் என்றும், கணக்கிற்கும் வணிகர்களோடு உரையாடுவதற்கும் அது வேண்டியிருந்தது என்றும் கரணியங் காட்டுகின்றார். தமிழ் கற்றமையால் அப்துல்லாவின் மலாய் தேய்ந்துவிட்டதா?

மேனாட்டார் சொன்னாற்றான் நம்புவோம் என்பார்க்கும் ஒன்று சொல்வோம். பிரான்சு நாட்டு மொழியறிஞர் சூல் உரோன்சா என்பார், செருமானியப் பெண்ணை மணந்தவர், தம் மகனின் பேச்சு வளர்ந்ததைக் குறித்துவைத்து 1913-இல் நூலாக வெளியிட்டார். தந்தை பிரெஞ்சே பேசுவது, தாய் செருமானியமே பேசுவது. அவ்வளவுதான் அவ் வீட்டு முறை. பையன் இரண்டையும் நன்றாகவே பேசினான். நம் நண்பர் வீட்டிலோ தாய் தம் கடமையைச் செய்கின்றார். தந்தைதான் வாயை மூடிக்கொண்டார். அம் மலாய்ப் பெண்மணி தம் மொழியைத் தம் பிள்ளைக்குக் கொடுப்பதில் ஓரெழுத்தும் குறைய வேண்டுமென்று நாம் சொல்லோம். அது அவர் உரிமை. அவர் காக்கும் உரிமையை இவர் ஏன் கைவிட்டார் என்பதே நம் வினா.

முற்றும் கைவிட்டார் என்றும் சொல்வதற்கில்லை. மகனிடம் அவர் பேசிய தமிழைக் கேட்டோம். "மாண்டி பண்ணு", "மாக்கான் பண்ணு"! குளி, உண் என்னும் சின்னஞ்சிறு சொற்கள் அவ்வளவு கனமானவையா? இது தமிழுமன்று, மலாயுமன்று. இதைக் கேட்டு வளரும் பிள்ளை தமிழைக் கற்கவில்லையே என்று அவனை நோவது எங்ஙனம்?

'அங்கே மலாயராய் இருந்தால்தான் சலுகை' என்பது இன்னொரு சாக்கு. மலேசிய அரசமைப்பின் 160-ஆம் பிரிவு, மலாயர் எனப்படுவார் இசுலாத்தைத் தழுவியவராய், வழக்கமாக மலாய் பேசுபவராய், மலாய் மரபை ஒழுகுபவராய் இருத்தல் வேண்டும் என்கின்றது. பிறப்பும் வாழிடமும் பற்றிய வரையறையும் உண்டு. மலாய் பேச வேண்டும் என்றுதான் அங்கு எழுதியிருக்கின்றதேயன்றித் தமிழை மறக்க வேண்டும் என்று எழுதவில்லை. எழுதாத சட்டத்துக்கு இவ்வளவு பணிவா?

இனி, அவர் தாழ்ந்த குரலிற் சொன்ன ஒன்று. "தமிழ் என்றாலே அங்கு இந்துக்களின் மொழி என்கின்றார்கள்." இதற்கு மட்டும் நம்மிடம் உடனே விடையில்லை. ஏனெனில் குற்றவாளிகளுள் நாமும் உளோம். "நீங்கள் தமிழரா, முசுலிமா?" என்று இதே தமிழ்நாட்டிற் கேட்பவர் எத்தனை பேர்! சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் எம் மொழியிற் பாடினார்? 1887-இல் சிங்கப்பூரில் 'சிங்கை நேசன்' இதழைத் தொடங்கி நடத்திய மகுதூம் சாயபு எம் மொழியில் நடத்தினார்? தூயதமிழ் பேசுகின்றோம் என்று மார்தட்டும் நம் வீடுகளிற் பூசையும் விரதமும் பண்டிகையும் சாதமும் குடிகொண்டிருக்க, தொழுகை என்றும் நோன்பு என்றும் பெருநாள் என்றும் சோறு என்றும் ஆணம் என்றும் வழங்கிவருபவர் தமிழ் முசுலிம்கள். காலையுணவை நாம் 'டிபன்' ஆக்கினோம். அவ் வன்னையார் 'பசியாறல்' என்கின்றார். அச் சொல்லைத்தான் பேரன் அறியாது விழித்தான்.

பினாங்கில் 1816-இலேயே தமிழ் வகுப்புத் தொடங்கிற்று. மலேசியாவில் இன்றும் தமிழ்ப்பள்ளிகள் நடைபெறுகின்றன. அங்குச் சேர்க்க மனமில்லையா, போகட்டும். இரவுச் சோற்றின்போது தந்தை மகனோடு தமிழிற் பேசுவதற்கு எந்தப் பள்ளியின் ஒப்புதலும் வேண்டுவதில்லை, செலவும் இல்லை. மகன் மலாயில் விடையிறுத்தாலும் இவர் தமிழிலேயே தொடரட்டும். முதல் ஓராண்டு கடினமாகத்தான் இருக்கும்.

அடுத்த நோன்புப் பெருநாளுக்குக் குடும்பத்தோடு வருவதாகச் சொல்லி நண்பர் சென்றிருக்கின்றார். பாட்டி அன்றும் அதே வினாவைத்தான் கேட்பார். பையன் யார் முகத்தைப் பார்க்கின்றான் என்று நாமும் பார்க்கத்தான் போகின்றோம்.