அந்தப் பட்டியலில் நாம் எங்கே?

இட ஒதுக்கீடு என்றதும் கல்லூரி இடமும் அரசு வேலையும்தான் நமக்கு நினைவுக்கு வருகின்றன. அரசு தினமும் வாங்கும் மேசை, நாற்காலி, சீருடை, அச்சு வேலை பற்றி நாம் பேசுவதேயில்லை. அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது என்பதும் சமூக நீதிக் கேள்விதான்.

ஒன்றிய அரசின் பொது நிதி விதிகள், 2017-இல் 162ஆம் விதி வரையறுக்கப்பட்ட டெண்டரைப் பற்றியது. இதில் எல்லாரும் விலை கொடுக்க முடியாது. தன்னிடம் பதிவு செய்துள்ள நிறுவனங்களில் மூன்றுக்கு மேற்பட்டவற்றுக்கு அலுவலகமே நேரடியாக அழைப்பு அனுப்பும். அழைக்கப்படாதவர் விலைப்புள்ளி அனுப்பினால் அதை ஏற்கக் கூடாது. விதி வகுக்கப்பட்டபோது 25 லட்சம் ரூபாய் வரையிலான கொள்முதலுக்கு இந்த முறை வைக்கப்பட்டது.

பெரிய டெண்டர்களில் முன் அனுபவமும் ஆண்டு வருவாய்க் கணக்கும் கேட்பார்கள். முதல் தலைமுறையாகத் தொழிலுக்கு வரும் ஒரு தலித் ஏறக்கூடிய முதல் படி இந்தச் சிறிய டெண்டர்தான். அங்கேயே கதவு சாத்தியிருக்கிறது. எந்த அதிகாரியும் சாதிப் பெயர் சொல்லி நம்மை விலக்க வேண்டியதில்லை. பழகிய நான்கு பேரை மட்டும் அழைத்தால் போதும். பழக்கமும் அறிமுகமும் நம் ஊரில் எந்தத் தெரு வழியாக நடக்கின்றன என்று நமக்குத் தெரியும்.

ஆனால் அதே விதியில் நாம் பிடித்துக்கொள்ள ஒரு வரி இருக்கிறது. ஆர்வமுள்ள நிறுவனங்கள் பதிவு செய்துகொண்டு அடுத்த சுற்றில் பங்கேற்கத் துறைகள் வழி செய்ய வேண்டும் என்கிறது அது. தகுதியுள்ள புதிய நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் பதிவு கேட்கலாம் என்கிறது 150ஆம் விதி. எனவே டெண்டர் வந்தபின் ஓடிப் பயனில்லை. அதற்கு முன்பே பட்டியலில் ஏற வேண்டும்.

அதற்கு உத்யம் பதிவு வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. ஜெம் தளத்திலும் பதிய வேண்டும். முடித்த ஒவ்வொரு சிறு வேலைக்கும் சான்று வாங்கிவைக்க வேண்டும். கூட்டு நிறுவனமாக இருந்தால் குறைந்தது 51% பங்கு பட்டியல் சாதி, பழங்குடியினர் கையில் இருக்க வேண்டும். நம் பெயரைப் பலகையில் போட்டு லாபத்தை வேறொருவர் எடுத்துப் போகும் பினாமி ஏற்பாட்டுக்கு நாம் துணைபோகக் கூடாது.

சிறு, குறு நிறுவனங்களுக்கான கொள்முதல் கொள்கைப்படி டெண்டர் படிவம் இலவசம். முன்வைப்புத் தொகையும் கட்ட வேண்டியதில்லை. வாங்கி விற்கும் வணிகருக்கு இச்சலுகை இல்லை. உற்பத்தியும் சேவையும் செய்வோருக்கே. இதே கொள்கைதான் ஒன்றிய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 4%-ஐப் பட்டியல் சாதி, பழங்குடியினரின் நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்கிறது. 2011 கணக்கெடுப்புப்படி நாட்டு மக்களில் இவ்விரு பிரிவினரும் சேர்ந்து சுமார் 25%. நான்கில் ஒருவருக்கு நூற்றில் நான்கு!

தனித்தனியாகத் தொழில்முனைவோர் முட்டி மோதினால் மட்டும் இது மாறாது. இங்கேதான் மாணவத் தோழர்களுக்கு வேலை இருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் உள்ள ஒன்றிய அரசு நிறுவனம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு மூன்று கேள்விகள் கேளுங்கள். உங்கள் வழங்குநர் பட்டியலில் பட்டியல் சாதி, பழங்குடியினர் நிறுவனங்கள் எத்தனை? சென்ற ஆண்டு அவற்றில் எத்தனைக்கு அழைப்பு அனுப்பினீர்கள்? எவ்வளவு ரூபாய்க்கு வாங்கினீர்கள்?

30 நாளில் பதில் தர வேண்டும். நம்மைப் பட்டியல் சாதி என்று எழுதிவைத்திருக்கும் அரசு, இந்தப் பட்டியலில் நாம் எங்கே என்பதையும் எழுத்தில் சொல்லட்டும்.