வினைல் தரை போடப் போறீங்களா? அதுக்கு முன்னாடி ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை ஒட்டிப் பாருங்க!

தஞ்சாவூர் பக்கம் ஒரு கிராமத்து வீட்டை எடுத்துக்கொள்வோம். சிவப்பு ஆக்சைடு பூசிய பழைய தரை. அங்கங்கே வெடிப்பு, பாதி இடத்தில் சாயமும் போய்விட்டது. மார்கழி வந்தால் அப்பாயி கால் வைக்க முடியாத அளவுக்கு ஜில்லென்று இருக்கும். சென்னையில் வேலை பார்க்கும் பேத்தி, தீபாவளி போனஸில் ஹாலுக்கும் அப்பாயியின் அறைக்கும் வினைல் தரை போட்டுவிடலாம் என்று முடிவெடுக்கிறாள்.

"அப்பாயி, பார்க்க மரத்தரை மாதிரியே இருக்கும். ரெண்டு நாள்ல போட்டு முடிச்சிடுவாங்க."

"அதெல்லாம் சரிடி. மழைக்கு இந்தத் தரையில ஓதம் ஏறுமே, அதைக் கடைக்காரர்கிட்ட சொன்னியா?"

பேத்தி சொல்லவில்லை. நம்மில் பலரும் சொல்வதில்லை. கடைக்குப் போனால் டிசைன், நிறம், சதுர அடி விலை என்று பேச்சு போகும். ஆனால், டெல்டா வீடுகளில் வினைல் தரை நிலைக்குமா, காசு வீணாகுமா என்பதை முடிவு செய்வது அப்பாயி கேட்ட அந்தக் கேள்விதான்.

வாட்டர் ப்ரூஃப்தானே... அப்புறம் என்ன பயம்?

வினைல் என்பது பி.வி.சி பிளாஸ்டிக். மேலே தண்ணீர் கொட்டினால் அதற்கு ஒன்றும் ஆகாது. அதனால்தான் கடைகளில் 'வாட்டர் ப்ரூஃப்' என்று தைரியமாகச் சொல்கிறார்கள். அது உண்மையும்கூட.

பிரச்னை கீழே இருந்து வருகிறது. சிமென்ட் தரை, ஆக்சைடு தரை எல்லாம் மண்ணில் உள்ள ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுக்கும். மேலே எதுவும் மூடாமல் இருந்தால் அந்த ஈரம் காற்றில் கலந்துவிடும். வினைலைப் போட்டு மூடினால் வெளியேற வழியில்லை. அடியிலேயே தங்கும். பசை இளகும், ஓரங்கள் எழும்பும், பூஞ்சை பிடிக்கும், அறைக்குள் மக்கல் வாடை வரும். அப்படி எழும்பி நிற்கும் ஓரத்தில் வயதானவர்கள் கால் தடுக்கி விழுந்தால், அது தரைச் செலவோடு முடிகிற விஷயமில்லை.

காவிரி டெல்டாவில் பெரும்பாலும் களிமண் கலந்த வண்டல். தண்ணீரை எளிதில் விடாது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கப்பட்டு ஜனவரி 28-ல் மூடப்படும். சம்பா பருவத்தில் ஊரைச் சுற்றி வயல்களில் தண்ணீர் நிற்கும். அதன் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. இத்தனையும் சேரும்போது வீட்டடி மண் ஊறிப்போகிறது. பழைய வீடுகள் பலவற்றில் தரைக்கு அடியில் ஈரத்தடுப்பு ஷீட் போட்டிருக்க மாட்டார்கள். சுவரின் அடிப்பகுதியில் உப்புப் பூத்து, சுண்ணாம்பு பொரிந்து உதிர்கிறதா? உங்கள் வீட்டிலும் ஓதம் இருக்கிறது என்று அர்த்தம்.

அதிகச் செலவில்லாத சோதனை

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. கனமான, உள்ளே பார்த்தால் தெரிகிற பிளாஸ்டிக் ஷீட்டை 18 அங்குலத்துக்கு 18 அங்குலம் வெட்டிக்கொள்ளுங்கள். தரையைத் துடைத்துக் காயவிட்டு, ஷீட்டை விரித்து, நான்கு பக்கமும் காற்று புகாதபடி டேப் ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். ஒரு முழு நாள் விட்டால் இன்னும் நல்லது.

பிறகு உரித்துப் பாருங்கள். ஷீட்டின் அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தாலோ, அந்த இடத்தில் மட்டும் தரை கறுத்திருந்தாலோ கீழே இருந்து ஈரம் வருகிறது.

ஓர் அறையில் மூன்று இடங்களிலாவது ஒட்டிப் பார்க்க வேண்டும். வெளிச்சுவர் ஓரம் ஒன்று, நடுவில் ஒன்று, குளியலறைச் சுவரை ஒட்டி ஒன்று.

எப்போது சோதிப்பது என்பது அதைவிட முக்கியம். சித்திரை வெயிலில் எந்தத் தரையும் காய்ந்துதான் இருக்கும். 'ஈரமே இல்லை' என்று நம்பிப் போட்டுவிட்டு, கார்த்திகையில் தவிப்பவர்கள் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் சோதனை செய்யுங்கள். தரை போடும் வேலையை மாசி, பங்குனிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகக் கான்கிரீட் போட்ட வீடு என்றால் 28 நாளில் அது கெட்டிப்பட்டிருக்கும். ஆனால், உள்ளே இருக்கும் ஈரம் காய இன்னும் நாளாகும். ஓர் அங்குலக் கனத்துக்குச் சுமார் ஒரு மாதம் என்பது கட்டுமானத் துறையில் சொல்லப்படும் தோராயக் கணக்கு. 4 அங்குலம் என்றால் நான்கு மாதம்.

ஈரம் இருந்தால் என்ன செய்யலாம்?

முதலில் காரணத்தைத் தேடுங்கள். குளியலறைக் குழாய் கசிகிறதா, கூரைத் தண்ணீர் சுவரடியில் விழுகிறதா, கொல்லையில் சாக்கடை தேங்குகிறதா, சாலையை உயர்த்தி உயர்த்தி வீடு தாழ்ந்துவிட்டதா என்று பாருங்கள். கசிவு என்றால் அதைச் சரிசெய்து, தரை காய்ந்த பிறகு மறுபடியும் சோதிக்கலாம்.

மண்ணிலிருந்தே ஈரம் ஏறுகிறது என்றால் இரண்டு வழிகள். பழைய தரையை உடைத்து, 1000 கேஜ் பாலித்தீன் ஷீட் விரித்து, மேலே புதிதாகக் கான்கிரீட் போடுவது ஒன்று. தரையின் மேல் எபாக்ஸி வகை ஈரத்தடுப்புப் பூச்சு கொடுப்பது இன்னொன்று. இரண்டுக்கும் செலவு உண்டு. அந்தச் செலவுக்கு மனம் வரவில்லை என்றால், அந்த அறைக்கு வினைல் வேண்டாம். டைல்ஸ் போடலாம், பழைய ஆக்சைடு தரையையே பழுதுபார்க்கலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். கீழிருந்து வரும் ஈரத்தால் ஏற்படும் சேதத்துக்குப் பல நிறுவனங்களின் உத்தரவாதம் பொருந்தாது. பணம் கட்டும் முன் உத்தரவாதச் சீட்டில் அந்த வரியைத் தேடிப் படித்துவிடுங்கள்.

ரோலா, ஸ்டிக்கரா, லாக் பலகையா?

தரை காய்ந்திருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் கடைக்குப் போக வேண்டும். அங்கே நான்கு வகை இருக்கும்.

*ரோல்:* பாய் போல விரிப்பது. விலை குறைவு, இணைப்பும் குறைவு. வாடகை வீட்டுக்குப் பொருந்தும். பசை போடாமல் விரித்தால் காலி செய்யும்போது சுருட்டி எடுத்துக்கொண்டு போகலாம். மெல்லிய ரோலில் தரையின் மேடுபள்ளம் அப்படியே தெரியும்.

*ஸ்டிக்கர் டைல்:* பின்புறத் தாளை உரித்து ஒட்டுவது. மாடியில் இருக்கும் சின்ன, காய்ந்த அறைக்குச் சரி. ஓதம் உள்ள தரைக்கு ஆகவே ஆகாது.

*பசை போட்டு ஒட்டும் பலகை:* பார்க்க அழகு. ஆனால், கீழ்த்தரை சமமாகவும் காய்ந்தும் இருந்தே ஆக வேண்டும்.

*எஸ்.பி.சி லாக் பலகை:* சுண்ணாம்புக்கல் தூளும் பி.வி.சி-யும் சேர்த்துச் செய்த கெட்டியான பலகை. ஒன்றோடு ஒன்று பூட்டிக்கொள்ளும், பசை வேண்டாம். பழைய டைல்ஸ் மீதும் போடலாம். கனம் பெரும்பாலும் 4 முதல் 6 மில்லிமீட்டர். அந்த அளவுக்குத் தரை உயரும் என்பதால் கதவின் அடியை இழைக்க வேண்டி வரலாம்.

பசை இல்லை என்பதால் லாக் பலகையை ஓத வீட்டுக்குப் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். பலகை கெடாது. அடியில் பூஞ்சையும் வாடையும் வருவதை அது தடுக்காது.

எந்த வகையாக இருந்தாலும் மொத்தக் கனத்தைவிட, தேய்மானத்தைத் தாங்கும் மேலடுக்கின் கனத்தைக் கேளுங்கள். கடையில் 'வியர் லேயர்' என்பார்கள். வீட்டுக்கு 0.3 மில்லிமீட்டர் போதும். ஆள் நடமாட்டம் அதிகம் என்றால் 0.5.

வயதானவர்கள் இருக்கும் வீட்டில் வழுக்குமா என்பதையும் பார்க்க வேண்டும். வழுக்காத தன்மைக்கு 'ஆர் 9' முதல் 'ஆர் 13' வரை ஒரு தரவரிசை உண்டு. எண் கூடக் கூட பிடிமானம் அதிகம். 'ஆர் 10' கேட்டு வாங்குங்கள். கடையிலேயே மாதிரித் துண்டில் தண்ணீர் தெளித்து, வெறுங்காலால் தேய்த்துப் பாருங்கள். பளபளப்பைவிடச் சொரசொரப்பு நல்லது.

குழந்தை தவழும் வீடா?

பி.வி.சி இயல்பில் விறைப்பானது. 1926-ல் அமெரிக்காவின் பி.எஃப்.குட்ரிச் நிறுவனத்தில் வால்டோ செமன் என்ற வேதியியலாளர், அதில் வேறு வேதிப்பொருள்களைச் சேர்த்து வளையும்படி செய்தார். அப்படி மென்மையாக்கச் சேர்க்கப்படுபவற்றில் ஒரு வகைதான் தாலேட்டுகள். உடல்நலக் காரணங்களுக்காக, அவற்றில் நான்கை 0.1 சதவிகிதத்துக்கு மேல் நுகர்வோர் பொருள்களில் சேர்க்க, 2020 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்திருக்கிறது. எனவே 'தாலேட் இல்லாதது' என்று பெட்டியில் எழுதியிருக்கிறதா எனப் பாருங்கள். பெட்டியைப் பிரித்ததும் நெடி மூக்கைத் துளைத்தால் அதை வாங்க வேண்டாம்.

போடும் நாளில் கூட இருந்து பாருங்கள்

12 அடிக்கு 15 அடி ஹால் என்றால் 180 சதுர அடி. வெட்டுச் சேதாரத்துக்கு 10 சதவிகிதம் சேர்த்தால் 198. எல்லாப் பெட்டியிலும் பேட்ச் எண் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் நிறம் மாறித் தெரியும். மிச்சமாகும் பலகைகளைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். பிறகு ஒரு பலகை கெட்டால் அதுதான் கைகொடுக்கும். விலை பேசும்போது தரை சமன்செய்யும் கூலி, ஓரப்பட்டி, வண்டி வாடகை, ஜி.எஸ்.டி எல்லாம் சேர்த்து மொத்தத் தொகையை எழுதி வாங்குங்கள்.

பெட்டிகளை 48 மணி நேரம் அதே அறையில் படுக்கையாக வைத்திருக்க வேண்டும். அறையின் வெப்பத்துக்குப் பலகை பழகிக்கொள்ளும். 2 மீட்டர் நீள மட்டப்பலகையைத் தரையில் வைத்தால் அடியில் 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி தெரியக் கூடாது. தெரிந்தால் முதலில் சமன்செய்யச் சொல்லுங்கள். லாக் பலகை என்றால் நான்கு சுவரோரமும் 6 முதல் 10 மில்லிமீட்டர் இடம் விட்டே போட வேண்டும். வெயிலுக்குப் பலகை விரியும். இடம் இல்லை என்றால் நடுவில் தூக்கிக்கொள்ளும். அந்த இடைவெளியை ஓரப்பட்டி மறைத்துவிடும்.

பழைய ஆக்சைடு தரையும் ஆத்தங்குடி டைல்ஸும் உள்ள வீட்டில் பசையை மட்டும் அனுமதிக்காதீர்கள். பிறகு மனம் மாறி வினைலை எடுத்தாலும், பசைக் கறையை எடுப்பதற்குள் அந்தத் தரை பாழாகிவிடும்.

நம்ம வீட்டுப் பழக்கத்துக்கு ஒத்துவருமா?

* வெள்ளிக்கிழமை குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுகிற பழக்கம் இருந்தால் யோசியுங்கள். ஓர இடைவெளி வழியாகத் தண்ணீர் அடியில் போய்விடும். வினைலுக்கு நன்றாகப் பிழிந்த துணியால் துடைப்பதுதான் சரி.

* வடித்த சோற்றுக் குண்டானையோ இட்லிப் பானையையோ சூட்டோடு தரையில் வைத்தால் வினைல் இளகித் தழும்பு விழும். பூஜை இடத்தில் கற்பூரமும் ஊதுவத்தித் துளியும் அப்படியே. அங்கே ஒரு கல் பலகை போட்டுவிடுங்கள்.

* அரிவாள்மனையை இழுத்தால் கீறும். அடியில் ஒரு சாக்கு போதும்.

* அடியில் ரப்பர் உள்ள மிதியடி, ரப்பர் குமிழ் வைத்த பீரோ, கட்டில் வேண்டாம். ரப்பர் படும் இடத்தில் வினைலில் மஞ்சள் கறை ஏறும், தேய்த்தாலும் போகாது. கால்களுக்கு ஃபெல்ட் துணி ஒட்டலாம்.

* முற்றம், வெயில் நேராக விழும் திண்ணை, குளியலறை மூன்றையும் விட்டுவிடுங்கள்.

* மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வரும் தெரு என்றால், ஒட்டுகிற வகை எதுவும் வேண்டாம். லாக் பலகையையாவது கழற்றிக் காயவைக்க முடியும்.

அப்பாயி வீட்டில்...

அந்தக் கிராமத்து வீட்டில் ஐப்பசி மழையில் ஷீட் ஒட்டிப் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஹாலில் மூன்று இடமும் காய்ந்திருக்கின்றன. அப்பாயியின் அறையில், குளியலறைச் சுவரை ஒட்டிய ஷீட்டில் மட்டும் நீர் கோத்திருக்கிறது. இனி செய்ய வேண்டியது தெளிவு. ஹாலுக்குப் பங்குனியில் வினைல். அப்பாயியின் அறைக்கு முதலில் பிளம்பர், அடுத்த ஐப்பசியில் மறுபடியும் ஷீட், அதன் பிறகே தரை. இந்த மார்கழிக்கு அப்பாயிக்கு வேண்டியது, வீட்டுக்குள் போட்டுக்கொள்ளும் வழுக்காத செருப்பு ஒரு ஜோடி.

போனஸ் பணத்தில் பாதி இன்னும் கையில் இருக்கும். உங்கள் வீட்டிலும் தீபாவளிக்குள் தரை போட்டுவிட வேண்டும் என்ற அவசரம் இருந்தால், அட்வான்ஸ் கொடுப்பதை ஒரு நாள் தள்ளிப்போடுங்கள். இன்றைக்கு ராத்திரி ஷீட்டை ஒட்டிவிட்டுத் தூங்குங்கள். நாளைக்கு ராத்திரி உரித்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.