ஸ்கிரிப்ட் எழுதினால் மட்டும் போதுமா?

பாலசமுத்திரத்துக்குப் பக்கத்தில் பாலாறு-பொருந்தலாறு அணை இருக்கிறது. அணை என்றால் விதி உண்டு: நீர்மட்டம் இத்தனை அடியைத் தொட்டால் இன்னது செய்ய வேண்டும் என்று. அதற்காக யாரும் அளவுகோலைப் பார்க்காமல் இருந்துவிடுவதில்லை. டேட்டாபேஸ் சர்வர் விஷயத்தில் மட்டும் ஸ்கிரிப்ட் எழுதியாகிவிட்டது, இனி நிம்மதி என்று பலர் தூங்கிவிடுகிறார்கள்!

ஸ்கிரிப்டே வேண்டாம் என்பதல்ல வாதம். ஒரு சர்வரைக் கையாலேயே பார்த்துக்கொள்ளலாம், ஐம்பதை முடியாது. மைக்ரோசாஃப்ட் 2008-ல் எஸ்க்யூஎல் சர்வரில் பாலிசி வசதியைக் கொண்டுவந்ததும் இதற்காகத்தான். 'ஒவ்வொரு டேட்டாபேஸும் கடந்த 24 மணி நேரத்துக்குள் பேக்கப் ஆகியிருக்க வேண்டும்' என்று ஒரு முறை எழுதிவிட்டால், எந்தெந்த சர்வர் விதியை மீறுகிறது என்று ஒரே இடத்திலிருந்து பார்த்துவிடலாம்.

ஆனால் பேக்கப் வேலை செய்கிறதா என்று யார் பார்ப்பது?

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஓர் இன்ஜினியர் தவறான சர்வரில் டெலீட் கட்டளை கொடுத்துவிட்டார். சுமார் 300 ஜிபி டேட்டாவில் மிஞ்சியது 4.5 ஜிபி. சரி, பேக்கப் இருக்குமே? ஸ்கிரிப்ட் இருந்தது. ஆனால் டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, ஸ்கிரிப்ட் பயன்படுத்தியதோ 9.2-இன் கருவி. அதனால் பேக்கப் எடுக்கப்படவே இல்லை. தோல்வியைச் சொல்லும் மெயில்களும் வழியிலேயே நிராகரிக்கப்பட்டன. ஆறு மணி நேரத்துக்கு முன்பு வேறொரு வேலைக்காக ஒருவர் கையால் எடுத்த நகல்தான் காப்பாற்றியது!

நம் நாட்டிலும் பாடம் உண்டு. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் 5 சர்வர்கள் தாக்கப்பட்டு, சுமார் 1.3 டிபி டேட்டா முடக்கப்பட்டது. நோயாளிகளின் பதிவு பேப்பருக்குத் திரும்பியது. தாக்குதலில் சிக்காத ஒரு பேக்கப் சர்வரிலிருந்துதான் டேட்டா மீண்டது.

ஆகவே பேக்கப் எடுக்க மட்டுமல்ல, அதை இன்னொரு சர்வரில் ரெஸ்டோர் செய்து சரிபார்க்கவும் ஸ்கிரிப்ட் வேண்டும். 'தோற்றால் மெயில் வரும்' என்பதை நம்பக் கூடாது. 'வெற்றி என்று தகவல் வராவிட்டால் மணி அடிக்கும்' என்று மாற்ற வேண்டும். கல்லூரி ப்ராஜெக்டில் இதைப் பழகிவிட்டால், நாளை ஒரு மருத்துவமனையின் டேட்டா கைக்கு வரும்போது பழக்கமே காப்பாற்றும்.

ரெஸ்டோர் செய்து பார்க்காத பேக்கப் வெறும் நம்பிக்கைதான்.