பீரங்கி சுட்ட மண்ணுக்கும் ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி வேண்டும்



பீரங்கிக்கும் பார்க்குக்கும் என்ன சம்பந்தம்? அதைப் பற்றி ஒரு கவர்மெண்ட் ஆஸ்பத்திரி டாக்டர் எதுக்குப் பேசணும்? கொஞ்சம் நீளமான இழைதான். பொறுமையா படிங்க. நேரம் இல்லைன்னா கடைசியில் இருக்கிற முதலுதவிப் பகுதியை மட்டுமாவது சேமிச்சு வச்சுக்கோங்க.

முதல்ல நம்ம மாவட்டத்துக் கதை.

1690. தேவனாம்பட்டினம் கோட்டையை மராத்தியர்களிடம் இருந்து ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்குது. நாம இன்னைக்கு செயின்ட் டேவிட் கோட்டைன்னு சொல்றது அதைத்தான். கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும்? அதுக்கு வச்ச அளவுகோல் என்ன தெரியுமா? கோட்டையில் இருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுதோ, அதுவரைக்கும்!

பல திசைகளிலும் சுட்டாங்க. குண்டு போன தூரத்துக்குள் இருந்த ஊர்கள் எல்லாம், கடலூர் உட்பட, கம்பெனி கைக்குப் போச்சு. 'பீரங்கிக் குண்டு கிராமங்கள்' என்றே அவற்றுக்குப் பெயர் நிலைச்சது. அந்த ஊர் ஜனங்கள்கிட்ட யாரும் ஒரு வார்த்தை கேட்கலை.

330 வருசத்துக்கு மேல ஆச்சு. இப்போ பீரங்கி எவ்வளவு தூரம் சுடும்?

நம்ம ராணுவத்தின் 105 மி.மீ. இந்தியன் ஃபீல்டு கன் சுமார் 17 கி.மீ. சுடும். 155 மி.மீ. தனுஷ் பீரங்கி 38 கி.மீ. வரை சுடும். காடாம்புலியூர்ல வச்சு சுட்டா கடலூர் கடற்கரையைத் தாண்டி கடல்ல விழும். அந்த 155 மி.மீ. குண்டு ஒண்ணோட எடை 40 கிலோவுக்கு மேல். ஒரு மூட்டை சிமெண்டுக்குக் கொஞ்சம்தான் குறைவு.

இவ்வளவு பெரிய ஆயுதத்தை சுட்டுப் பழகாம போர்ல கையாள முடியாது. ராணுவப் பயிற்சி வேண்டாம்னு நான் சொல்லலை. அதை முதல்லயே தெளிவா சொல்லிடுறேன். பயிற்சியில் உயிரை விடுறதும் நம்ம வீட்டுப் பிள்ளைகள்தான். 2024 அக்டோபர்ல மகாராஷ்டிராவின் தேவ்லாலி பீரங்கிப் பயிற்சி மையத்தில் குண்டு வெடிச்சு 2 அக்னிவீரர்கள் இறந்தாங்க. 1997ல நியூசிலாந்தின் வையூரு பயிற்சிக் களத்தில் சிங்கப்பூர் ராணுவத்தின் பீரங்கிக்குள்ளேயே குண்டு வெடிச்சு 2 பேர் இறந்தாங்க.

சிங்கப்பூர் ராணுவம் நியூசிலாந்துக்கு ஏன் போச்சு? அங்கேதான் விசயம் இருக்கு.

பண்ருட்டி, நெய்வேலி பக்கத்துத் தம்பிகள் பலர் சிங்கப்பூர்ல வேலை பார்க்கிறீங்க. உங்களுக்கே தெரியும், கிழக்கு மேற்கா 50 கி.மீ., தெற்கு வடக்கா 27 கி.மீ., அவ்வளவுதான் தீவு. அங்கே பெரிய பீரங்கியை முழுத் தூரத்துக்கு சுட்டா குண்டு நாட்டைத் தாண்டிப் போயிடும். அதனால அந்தப் பயிற்சிக்கு நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, ஏன் நம்ம தேவ்லாலிக்கும் வர்றாங்க. இந்திய ராணுவத்தோட சேர்ந்து அவங்க நடத்துற பீரங்கிப் பயிற்சிக்கு 'அக்னி வாரியர்' என்று பெயர்.

அதே சிங்கப்பூர் இடம் பத்தாம கடலைத் தூர்த்தும் நிலம் எடுத்துச்சு. 1960கள்ல சுமார் 580 சதுர கி.மீ. இருந்த நாடு இப்போ 730 சதுர கி.மீ.யைத் தாண்டியாச்சு. ஞாயித்துக்கிழமை நீங்க போய் உட்காருற ஈஸ்ட் கோஸ்ட் பார்க், 185 ஹெக்டேர், முழுக்கக் கடலைத் தூர்த்த மண். 2012ல திறந்த கார்டன்ஸ் பை த பே, 101 ஹெக்டேர், அதுவும் அப்படித்தான்.

குண்டு எங்கே விழணும், குழந்தை எங்கே ஓடணும் என்பதை அந்த நாடு தனித்தனியா உட்கார்ந்து முடிவு பண்ணியிருக்கு. பணக்கார நாடு, செய்யலாம் என்பீங்க. சரிதான். ஆனா அங்கேயும் மண்ணுக்குள் பழசு இருக்கு. 2023 செப்டம்பர்ல புக்கிட் தீமா பகுதியில் கட்டுமான வேலைக்குத் தோண்டும்போது இரண்டாம் உலகப் போர் காலத்து 100 கிலோ குண்டு கிடைச்சுது. சுத்தி இருந்த 4,000க்கும் மேற்பட்டவங்களை வெளியேத்திட்டு, அதை அங்கேயே வெடிக்க வச்சு அழிச்சாங்க. போர் முடிஞ்சு 78 வருசம் கழிச்சு!

மண் எதையும் மறக்காது. இதுதான் இந்த இழையின் சாரம்.

குண்டு ஏன் வெடிக்காம போகுது? அதன் ஃபியூஸ் என்கிற பகுதி பழுதா இருக்கலாம். சேறு, தண்ணி, மெத்துமெத்துன்னு இருக்கிற மண்ணுல விழுந்தா அடி சரியா படாம போகலாம். அப்படியே புதைஞ்சு கிடக்கும். இரும்பு துருப்பிடிக்கும். உள்ளே இருக்கிற வெடிமருந்து பல வருசம் ஆனாலும் வீரியத்தோட இருக்கும். மழை அரிச்சா, குளம் தூர் வாரினா, ஜேசிபி தோண்டினா வெளியே வரும்.

காஷ்மீர்ல தோசமைதான் என்று ஒரு மலைப் புல்வெளி. ஆடு மாடு மேய்க்கிற இடம். 1964ல இருந்து 2014 வரை, 50 வருசம், ராணுவத்தின் பீரங்கிப் பயிற்சிக் களமா இருந்துச்சு. அந்த 50 வருசத்தில் 60க்கும் மேற்பட்டவங்க இறந்ததா கிராம மக்கள் சொல்றாங்க. கை கால் போனவங்க தனிக் கணக்கு. தகவல் உரிமைச் சட்டத்தை வச்சு மனு மேல மனு போட்டு, குத்தகையை நீட்டிக்கக் கூடாதுன்னு போராடினாங்க. அதை முன்னின்று நடத்தியவங்களில் ஒருத்தர் டாக்டர் ஷேக் குலாம் ரசூல். ஆமா, அவரும் ஒரு மருத்துவர்தான்.

2014 ஏப்ரல்ல குத்தகை முடிஞ்சுது. பீரங்கி நின்னுது. மறு மாசமே, வீட்டுக்கு வந்து சேர்ந்த ஒரு பழைய குண்டு வெடிச்சு ஒரு சின்னப் பொண்ணு செத்துப்போச்சு. அப்புறம்தான் ராணுவமே பெரிய அளவில் துப்புரவுப் பணியில் இறங்கிச்சு. இப்போ அது சுற்றுலாத் தலம். சுடுறதை நிறுத்திட்டா நிலம் மீண்டுடுச்சுன்னு அர்த்தம் இல்லை. தோசமைதான் சொல்லும் பாடம் இது.

காஷ்மீர் தூரம்னு நினைக்காதீங்க. செங்கல்பட்டு மாவட்டம், சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துல அனுமந்தபுரம் சுடுதளம் இருக்கு. 2019 ஆகஸ்ட்ல திருப்போரூர் அருகே மானாமதி கிராமத்தில், கோயில் குளத்துப் பக்கம் கிடைச்ச ஒரு இரும்புப் பொருளை இளைஞர்கள் என்னன்னு பார்க்கப் போய், அது வெடிச்சு உயிர் போச்சு. சுடுதளத்தில் இருந்து வந்த குண்டா இருக்கலாம் என்ற சந்தேகம் அப்போதே எழுந்தது.

புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை ஞாபகம் இருக்கா? 2021 டிசம்பர் 30. பசுமலைப்பட்டி சுடுதளத்தில் பயிற்சி நடக்குது. தாத்தா வீட்டில் இருந்த 11 வயசுப் பையன் தலையில் தோட்டா பாய்ஞ்சுது. தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ்ல ஆபரேஷன் பண்ணியும் 4 நாள் கழிச்சு இறந்துட்டான். அது பீரங்கி இல்லை, வெறும் துப்பாக்கித் தோட்டா. அதுக்கே இந்தக் கதின்னா?

சரி, இதுல பார்க் எங்கே வருது? 'மீட்ட நிலம்' என்ற வார்த்தையில்.

நமக்கு இந்த வார்த்தை புதுசு இல்லை. பக்கத்துல நெய்வேலி. பழுப்பு நிலக்கரி எடுத்த பள்ளத்தை மேல்மண் போட்டு நிரப்பி, மரம் நட்டுப் பசுமையாக்கின பகுதிகளை நாம பார்த்திருக்கோம். மும்பை மாஹிமில், நம்ம தமிழ் ஜனங்க நிறைய இருக்கிற தாராவிக்குப் பக்கத்திலேயே, மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா இருக்கு. 37 ஏக்கர். ஒரு காலத்தில் அது குப்பை மேடு. 1994ல பூங்காவா திறந்தாங்க. சென்னை பெருங்குடியிலும் பல வருசத்துக் குப்பையைத் தோண்டிச் சலிச்சு, பிரிச்சு எடுத்து நிலத்தை மீட்கும் வேலை நடக்குது.

இதெல்லாம் நல்ல காரியம். ஓ.பி.யில் சுகர், பிரஷர்னு வர்றவங்ககிட்ட "தினம் அரை மணி நேரம் நடங்க"ன்னு வாய் வலிக்கச் சொல்றேன். "எங்க சார் நடக்கிறது, ரோட்ல பஸ் இடிச்சுடும்"னு திருப்பிக் கேட்கிறாங்க. நியாயமான கேள்வி. பார்க் என்பது மருந்து மாதிரிதான்.

மருந்துன்னா அதுல என்ன கலந்திருக்குன்னு லேபிள் வேணுமா இல்லையா?

மேலே புல்லு, ஊஞ்சல், எல்இடி லைட்டு. அடியில என்ன? குப்பை மேடா இருந்தா மீத்தேன் வாயு கசியலாம். சுடுதளமா இருந்தா ஈயம் இருக்கலாம். ஈயத்துக்கு 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்ற அளவே கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அதிலும் மண்ணுல விளையாடி, கையை வாயில வைக்கிற குழந்தைங்களுக்குத்தான் மூளை பாதிப்பு அதிகம். பீரங்கிக் களமா இருந்தா வெடிமருந்து நிலத்தடி நீரில் இறங்கலாம். அமெரிக்காவின் கேப் காட் ராணுவத் தளத்தில் இப்படித்தான். குடிதண்ணீர் ஆதாரத்தைக் காப்பாத்த 1997ல அங்கே குண்டு சுடும் பயிற்சியையே அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைப்பு நிறுத்தி வச்சுது.

ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது என்ன பண்றோம்? டிஸ்சார்ஜ் சம்மரி எழுதித் தர்றோம். என்ன நோய், என்ன டெஸ்ட், என்ன வைத்தியம், இனி எதுல கவனமா இருக்கணும், மறுபடி எப்போ வரணும். "நல்லாயிட்டார், கூட்டிட்டுப் போங்க"ன்னு வாய்ல சொல்லி அனுப்புறது இல்லை.

நிலத்துக்கும் அதே மாதிரி ஒண்ணு வேணும் என்பதுதான் என் கருத்து. மீட்ட நிலத்தில் அமைக்கிற ஒவ்வொரு பார்க் வாசல்லயும் தமிழ்ல ஒரு பலகை. இந்த இடம் முன்னாடி என்னவா இருந்துச்சு, யார் சுத்தம் பண்ணினாங்க, எத்தனை அடி ஆழம் வரை, மண்ணும் தண்ணியும் கடைசியா எப்போ சோதிச்சாங்க, முடிவு என்ன. திறப்பு விழா கல்வெட்டுக்கு இடம் இருக்குல்ல? பக்கத்துலயே வைங்க.

இன்னும் சுட்டுக்கிட்டு இருக்கிற தளங்களுக்கு? அதுக்கு 1938லயே ஒரு சட்டம் இருக்கு. ராணுவ ஒத்திகை, களச் சுடுதல், பீரங்கிப் பயிற்சிக்கான சட்டம். எந்தப் பகுதி, எத்தனை காலம் என்பதை மாநில அரசு அறிவிக்கணும். சேதம் ஆனா இழப்பீடு உண்டு, அதை வருவாய்த் துறை மதிப்பிடணும். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்திலேயே இவ்வளவு இருக்கு. அதோட இதையும் சேர்க்கச் சொல்றேன்: சுட்டது எத்தனை, வெடிச்சது எத்தனை, வெடிக்காததுல கண்டெடுத்து அழிச்சது எத்தனை. மூணு நம்பர். ஒவ்வொரு பயிற்சி முடிஞ்சதும் பக்கத்துப் பஞ்சாயத்து ஆபீஸ் பலகையில் ஒட்டணும். இதில் எந்த ராணுவ ரகசியமும் வெளியே போயிடாது.

"ஜனங்க ஏன் அதைப் போய் எடுக்கிறாங்க?"ன்னு கேட்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்ன ஊர் நம்ம ஊர். பித்தளையும் இரும்பும் கண்ணுல பட்டா அன்னைக்கு அடுப்பு எரியும்னு நினைக்கிற குடும்பங்கள் இன்னும் இருக்கு. அவங்களைத் திட்டி பிரயோஜனம் இல்லை. அவங்க கைக்கு அது போகாம பார்த்துக்கிறதுதான் நம்ம வேலை.

இப்போ முதலுதவி. இதை ஊர் வாட்ஸ்அப் குரூப்ல போடுங்க.

1. குண்டு மாதிரி எந்தப் பொருளைப் பார்த்தாலும் தொடாதீங்க, உதைக்காதீங்க, தண்ணி ஊத்தாதீங்க. கிட்டப் போய் செல்ஃபி வேண்டாம். வந்த வழியே திரும்பிப் போய், மத்தவங்களையும் தள்ளி நிக்கச் சொல்லி 112க்கு போன் பண்ணுங்க. பழைய இரும்புக் கடை வச்சிருக்கிற அண்ணன்களுக்கும் இதேதான்.

2. வெடிச்சுட்டா, கூட்டமா உள்ளே ஓடாதீங்க. இன்னொண்ணு கிடக்கலாம். 108க்கு உடனே சொல்லுங்க.

3. ரத்தம் பீறிட்டா சுத்தமான துணியை வச்சு இறுக்கி அழுத்துங்க. துணி நனைஞ்சா எடுக்காம, மேலேயே இன்னொரு துணி வச்சு அழுத்துங்க. கை கால்ல அழுத்தியும் நிக்கலைன்னா, காயத்துக்கு மேலே, மூட்டு மேல இல்லாம, அகலமான துணியால் இறுக்கிக் கட்டி, கட்டின நேரத்தை எழுதி வைங்க.

4. உள்ளே குத்தி நிற்கும் இரும்புத் துண்டைப் பிடுங்காதீங்க. காபித்தூள், மஞ்சள்தூள், சாணி எதுவும் வேண்டாம்.

5. விரல் துண்டாகிப் போனா ஈரத்துணியில் சுத்தி, பிளாஸ்டிக் கவர்ல போட்டு, அந்தக் கவரை ஐஸ் மேல வைங்க. விரலை நேரா ஐஸ்ல போடக் கூடாது.

6. வெளியே காயமே இல்லைன்னாலும், வெடிச்ச இடத்துக்குப் பக்கத்துல இருந்தவங்க கண்டிப்பா ஆஸ்பத்திரிக்கு வாங்க. வெடியின் அழுத்த அலை காது ஜவ்வு, நுரையீரல், குடலைத் தாக்கும். காது அடைப்பு, மூச்சுத் திணறல், வயித்து வலி கொஞ்ச நேரம் கழிச்சுக்கூட வரலாம்.

1690ல குண்டு விழுந்த இடம் யாருக்குச் சொந்தம்னு கம்பெனிக்காரன் கணக்கு எழுதினான். இப்போ நாம கேட்கிறது வேற கணக்கு: விழுந்த குண்டு எல்லாத்தையும் எடுத்தாச்சா இல்லையா?

உங்க ஊர்ல புதுசா பார்க் வருதா? கிராம சபையில், வார்டு கூட்டத்தில் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்க: "இந்த மண்ணைச் சோதிச்ச ரிப்போர்ட் எங்கே?"



அரசு மருத்துவர்,
காடாம்புலியூர்.