நாயனத்துக்கு நாம் பட்ட கடன்

நம் வீட்டுக் கல்யாணத்தில் கடைசியாகப் பேசி முடிப்பது மேளம்தான். மண்டபம், சமையல், பந்தல், வீடியோ, பூ அலங்காரம் என எல்லாவற்றுக்கும் அட்வான்ஸ் கொடுத்து, கையில் மிஞ்சியதை வைத்துக்கொண்டு மேளக்காரரிடம் போகிறோம். அங்கேயும் “கொஞ்சம் பார்த்துப் போட்டுக் கொடுங்கள்” என்கிறோம். மீன் ஏலத்தில் வியாபாரி நூறு ரூபாய் குறைத்துக் கேட்டால் கொதித்துப் போகிற காரைக்கால்மேட்டுக்காரர்கள் நாம். அதே குறைப்பை ஒரு கலைஞரிடம் கூசாமல் செய்கிறோம்.

இதை மற்ற ஊர்க்காரர்கள் செய்தால் அறியாமை என்று விட்டுவிடலாம். நமக்கு அந்தச் சாக்கு இல்லை. நாயன மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளை 1898இல் பிறந்த திருமருகல் நமக்கு எட்டாத ஊரா? சுருதி அதிகமான திமிரி நாயனத்தை விட்டு, நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியைக் கொண்டு நீளமான பாரி நாயனத்தைச் செய்வித்து, அதை நிலைநிறுத்தியவர் அவர். வாய்ப்பாட்டுக்காரருக்கு இணையாக மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று நின்றவரும் அவரே. அந்த நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மாசி மகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்கு எழுந்தருளும்போது, ‘மாப்பிள்ளை வருகிறார்’ என்று எதிர்கொண்டு அழைப்பவர்கள் நம் கடலோர மக்கள். மாப்பிள்ளைக்குச் செய்யும் மரியாதையில் ஒரு துளியாவது அவருக்கு முன்னால் வாசித்து வருகிறவருக்கு நாம் செய்திருக்கிறோமா?

நாம் மதிக்காமல் விட்ட இந்தத் தஞ்சாவூர் நாயனப் பாணியை, வேறு மாநிலத்திலிருந்து தேடிவந்து கற்றவர்கள் உண்டு. ஆந்திரத்தைச் சேர்ந்த ஷேக் சின்ன மௌலானா, நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் பாடம் கேட்டார். ஸ்ரீரங்கத்தில் குடியேறி, 1998இல் சங்கீத கலாநிதி விருது வரைக்கும் உயர்ந்தார். அவருடைய சீடர்கள்தான் ஷேக் மெகபூப் சுபானியும் அவர் மனைவி காலீஷாபி மெகபூப்பும். இருவரும் ஆந்திரத்து இசுலாமிய நாயனக் குடும்பங்களில் பிறந்தவர்கள். குருவைத் தொடர்ந்து ஸ்ரீரங்கத்தையே தங்கள் ஊராக்கிக்கொண்டார்கள். கோயில்களிலும் சபாக்களிலும் ஜோடியாக உட்கார்ந்து, இரட்டை நாயனமாக வாசித்தார்கள். கற்றதை அடுத்த தலைமுறைக்குச் சொல்லியும் கொடுக்கிறார்கள். பெண்கள் கைவைக்கக் கூடாத வாத்தியம் என்று ஊர் நினைத்ததை, காலீஷாபி கணவருக்குச் சமமாக ஏந்தினார். 2020ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ இருவருக்கும் சேர்த்தே அறிவிக்கப்பட்டது.

அந்த அறிவிப்பு வந்த ஜனவரியில், செய்தியைப் பார்த்து “பரவாயில்லையே” என்று சொன்னதோடு நம் வேலை முடிந்தது. இரண்டே மாதத்தில் கொரோனா ஊரடங்கு வந்தது. கோயில் திருவிழாக்கள் நின்றன. கல்யாணங்கள் வீட்டுக்குள் சுருங்கின. ஐம்பது பேருக்குச் சாப்பாடு போட வழி கண்டுபிடித்தோம். செல்போனில் மந்திரம் கேட்கவும் வழி கண்டுபிடித்தோம். முதலில் வெட்டியது மேளத்தை. கெட்டிமேளத்தைக்கூட ஒலிபெருக்கியில் பதிவாகப் போட்டுத் தாலி கட்டினோம். ஊரடங்கு போய்விட்டது, அந்தப் பழக்கம் போகவில்லை. இன்று ஊர்வலத்துக்குச் செண்டை மேளமும் டிஜேவும் முன்னால் போகின்றன. நாயனம் வாசிக்கிறவர் பின்னால் எங்கோ நடந்து வருகிறார்.

பெண் கலைஞர்கள் விஷயத்தில் நம் சமூகத்தின் கணக்கு இன்னும் மோசம். மதுரை பொன்னுத்தாய் நாதஸ்வரத்தில் பெரும்பெயர் எடுத்தவர். கணவர் மறைந்த பிறகு அவருடைய வாசிப்பு நின்றுபோனது. விதவை மங்கல வாத்தியம் வாசிக்கலாமா என்ற பேச்சுதான் அவரை நிறுத்தியது. மூச்சும் விரலும் ஞானமும் அப்படியே இருந்தன. நெற்றியில் பொட்டு இல்லாததை மட்டும் நாம் பார்த்தோம். தம்பதியாக வாசிக்கும்போது இருவரையும் வாழ்த்துகிற நாம், அதில் ஒருவர் இல்லாமல் போனால் மற்றவரை எந்த வாசலில் நிறுத்துவோம்? நம் தெருவில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் மனைவிகள் மீன்கூடை சுமந்து பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அந்தப் பெண்களால்தான் எத்தனையோ வீடுகள் எழுந்து நின்றன. அவர்களையும் தாம்பூலத் தட்டின் அருகே வர விடாத ஊர் இது. பொன்னுத்தாயை நிறுத்தியவர்கள் மதுரைக்காரர்கள் மட்டும்தான் என்று நாம் தப்பித்துக்கொள்ள முடியாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய குற்றம், நாம் கேட்பதில்லை. சீவாளியை உதட்டில் நனைத்து, தோடியையோ கரகரப்பிரியாவையோ ஒருவர் மெல்ல எடுக்கும்போது நாம் மொய் எழுதுகிறோம், செல்பி எடுக்கிறோம், பந்திக்கு இடம் பிடிக்கிறோம். நடுவில் யாரோ ஓடிவந்து விரலை ஆட்டுவார். உடனே ராகம் பாதியில் அறுந்து கெட்டிமேளம் முழங்க வேண்டும். பிறகு அவர்களுக்குக் கடைசிப் பந்தியில் இலை போடுகிறோம். பேசிய தொகையையும் மண்டபத்தைக் காலி செய்யும் நேரத்தில், கணக்குப் பார்க்கிற முகத்தோடு நீட்டுகிறோம். பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வரவில்லையே என்று அதற்குப் பிறகு அங்கலாய்க்கிறோம். எந்தப் பிள்ளை வரும்?

பத்மஸ்ரீ கொடுப்பது டில்லியின் வேலை. அதற்குக் கீழே உள்ளதெல்லாம் ஊரின் வேலை. அதில் பெரிய செலவு எதுவும் இல்லை. மேளத்துக்கு முதல் அட்வான்ஸ். முதல் பந்தியில் இலை. உட்கார மேடை. ஊர்வலத்தில் முன்னிடம். பெண் கலைஞர்களைப் பேசும்போது அவர் சுமங்கலியா என்று விசாரிக்காத நாகரிகம். முகூர்த்தத்துக்கு முன் அரை மணி நேரமாவது வாயை மூடிக் கேட்பது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் இருக்கும், ஆண்களும் ஊரில் இருப்பார்கள். அந்த நாட்களில் ஒரு மாலை, கல்யாணமோ திருவிழாவோ இல்லாமல், கேட்பதற்காக மட்டும் ஒரு நாதஸ்வரக் கச்சேரி கோயில் வாசலில் நடக்கட்டும். கணவன் மனைவியாக வாசிப்பவர்களை முதலில் அழைப்போம். பேரம் பேசாமல் அவர்கள் சொல்லும் தொகையைக் கொடுப்போம். ஊர்ப் பஞ்சாயத்தார் அடுத்த கூட்டத்திலேயே இதைப் பேசி முடிவு சொல்ல வேண்டும்.