உபவாசம் முடியும் பந்தி

உணவை ஒறுத்து இறைவனிடம் மன்றாடுவதற்கு யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர்களிடம் ஒரு சொல் போதவில்லை. குருநகரிலோ பாசையூரிலோ ஒரு கத்தோலிக்கத் தாயைக் கேட்டால் ‘இண்டைக்கு ஒருசந்தி’ என்பார். வட்டுக்கோட்டையிலோ உடுவிலிலோ தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பத்தில் அது உபவாசம். ஒருவர் செபிக்கிறார், மற்றவர் ஜெபிக்கிறார். ஒருவருக்கு விபூதிப் புதன், மற்றவருக்குச் சாம்பல் புதன். அடுத்த வளவில் இருக்கும் சைவக் குடும்பம் வெள்ளிக்கிழமை மச்சம் சமைக்காமல் விரதம் இருக்கிறது. பதினொரு மணிக்கு வயிற்றைக் கிள்ளும் பசிக்கு மட்டும் மூன்று வீட்டிலும் ஒரே பெயர்.

பொங்கல் கழிந்த கையோடு, ஜனவரி 18 முதல் 25 வரை, கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரம் வருகிறது. 1908இல் நியூயோர்க் மாநிலத்தில் போல் வற்சன் என்ற குரு தொடங்கிய இந்த எட்டு நாள் மன்றாட்டு இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. 1968 முதல் வத்திக்கானும் உலகத் திருச்சபைகள் மன்றமும் சேர்ந்து ஆயத்தம் செய்த பாடங்களையே பல நாடுகளிலும் வாசிக்கிறார்கள். மார்ச் முதல் வெள்ளியில் பெண்கள் முன்னின்று நடத்தும் உலக ஜெப நாள் வருகிறது. தவக்காலமும் ஏறக்குறைய அதே நாட்களில்தான் வருகிறது. சபைகள் கூடிச் செபிப்பதற்கு நாட்காட்டியில் இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் இந்தக் கூட்டங்கள் எப்படி முடிகின்றன என்பதைக் கவனிக்கவேண்டும். ஆயர்களும் போதகர்களும் ஒரே வரிசையில் அமர்கிறார்கள். ஒரு சபையின் பாடகர் குழு பாட, இன்னொரு சபையைச் சேர்ந்தவர் வேதபாடம் வாசிக்கிறார். ஆசீர்வாதம் சொன்னதும் தேநீர். பிறகு அவரவர் சைக்கிளை, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவரவர் கோயிலடிக்குப் போய்விடுகிறார்கள். ஒரு மாலை முழுவதும் ஒன்றாக இருந்தவர்கள் அடுத்த ஜனவரியில்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள்.

கூடி மன்றாடுவது குடாநாட்டுக்குப் புதிதல்ல. மெதடிஸ்தர் 1814இல் யாழ்ப்பாணப் பட்டணத்துக்கு வந்தார்கள். 1816இல் அமெரிக்க மிஷனரிமார் தெல்லிப்பழையில் குடியேறினார்கள். 1818இல் இங்கிலாந்துத் திருச்சபை மிஷன் நல்லூரில் வேலையைத் தொடங்கியது. மூன்று மிஷன்களும் ஊர்களைப் பிரித்துக்கொண்டு உழைத்தாலும், ஊழியர்கள் மாதந்தோறும் ஓரிடத்தில் கூடி ஜெபித்தார்கள். 1824 ஜனவரியில் தெல்லிப்பழையில் தொடங்கிய எழுப்புதல் உடுவில், வட்டுக்கோட்டை, மானிப்பாய், பண்டத்தரிப்பு என்று பரவியது. அடுத்த ஆண்டு ஜனவரியில் சண்டிலிப்பாயில் போட்ட பெரிய கொட்டகையில் ஒரே நாளில் 41 பேர் சபையில் சேர்க்கப்பட்டார்கள். ஊர் திரண்டு வந்து பார்த்தது.

அதே காலத்தில் இன்னொரு காட்சியும் இருந்தது. மிஷன் விடுதிகளில் படிக்க வந்த பிள்ளைகள் மிஷன் வளவுக்குள் சாப்பிட மறுத்தார்கள். யார் சமைத்தது, யார் கை பட்டது, யாரோடு இருந்து உண்பது என்ற கேள்விகள் புத்தகத்தைவிடக் கனமாக இருந்தன. ஆகவே பக்கத்துச் சைவக் காணியில் குசினி போட்டு அங்கே சமைத்துக் கொடுத்தார்கள். ஜெபத்துக்கு வேலி தேவைப்படவில்லை, சோற்றுக்குத் தேவைப்பட்டது.

நூறு ஆண்டு கழிந்தும் அந்த வேலி விழவில்லை. 1929இல், அரசாங்க நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாக அமர்ந்து சமமாக உண்ணவேண்டும் என்ற ஒழுங்கு வந்தபோது குடாநாடு கொதித்தது. பாடசாலைகள் எரிக்கப்பட்டன. அந்தக் காலத்திலேயே ஹன்டி பேரின்பநாயகம் போன்றவர்கள் 1924இல் தொடங்கிய மாணவர் காங்கிரஸ் (பின்னர் வாலிபர் காங்கிரஸ்) தன் கூட்டங்களில் சமபந்தி போசனத்தை விடாப்பிடியாக நடத்தியது. 1927 நவம்பரில் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வந்ததும் அந்த இளைஞர்களே. தீர்மானம் எத்தனையும் நிறைவேற்றலாம், ஒரே பந்தியில் வாழையிலை போட்டால்தான் ஊர் நம்பும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். பேரின்பநாயகம் மிஷன் கல்வியில் வளர்ந்த கிறிஸ்தவர். அந்த முதுசம் இன்றைய சபைகளுக்கும் உரியது.

கிறிஸ்தவ ஐக்கியத்தின் கதையும் ஒரு பந்தியில்தான் தடைப்பட்டு நிற்கிறது. 1947 செப்டெம்பர் 27இல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, அமெரிக்க மிஷன் வழிவந்த யாழ்ப்பாணச் சபைகள் அதில் இணைந்து ஒரு ஆதீனமாயின. சபாபதி குலேந்திரன் முதல் பேராயர். இலங்கையில் அங்கிலிக்கன், மெதடிஸ்த, பப்ரிஸ்த, பிரஸ்பிற்றேரியன் சபைகளும் யாழ்ப்பாண ஆதீனமும் ஒரே திருச்சபையாகும் திட்டம் பல ஆண்டு உழைப்புக்குப் பின் 1972இல் நிறைவேறவிருந்தது. ஒரு வழக்கு அதை நிறுத்திவிட்டது. அதனால் இன்றும் யாழ்ப்பாணப் பட்டணத்தில் சில நிமிட நடைதூரத்துக்குள் மூன்று நான்கு சபைகள் தனித்தனியே மணி அடிக்கின்றன. கத்தோலிக்கரும் மற்றவர்களும் ஒரே நற்கருணைப் பந்தியில் அமர்வதற்கோ கத்தோலிக்கத் திருச்சபையின் ஒழுங்கு இடம்தரவில்லை. அந்த வலியைச் சின்னதாக்கிப் பேசக்கூடாது.

உபவாசத்தின் அருமை தெரிவது இங்கேதான். ஞானஸ்நானம் எப்படிக் கொடுப்பது, குருத்துவம் யாருக்கு, நற்கருணை என்றால் என்ன என்ற வாதங்களில் ஒருவரும் விட்டுக்கொடுக்காமலே எல்லாரும் ஒன்றாகப் பசித்திருக்கலாம். மெதடிஸ்த இயக்கத்தின் தந்தை ஜோன் வெஸ்லி புதனும் வெள்ளியும் உபவாசம் இருந்தவர். கத்தோலிக்கருக்குப் பெரிய வெள்ளியில் ஒருசந்தியும் இறைச்சி தவிர்க்கும் சுத்தபோசனமும் கடமை. பெந்தெகொஸ்தே சபைகளோ நாட்கணக்கில், வாரக்கணக்கில் உபவாசக் கூட்டம் நடத்துகின்றன. பழைய சபைகள் அவர்களைச் சற்றுத் தள்ளியே வைத்துப் பார்ப்பது உண்மை. ஆனால் பசித்திருந்து மன்றாடுவதில் அவர்களுக்குள்ள பழக்கத்தை மற்றவர்கள் கேட்டுப் பழகினால் நட்டமில்லை.

குடாநாட்டுக்குச் சொந்தமான ஒரு தவப் பாரம்பரியமும் இருக்கிறது. 1928இல் தோமஸ் அடிகள், வசாவிளானை அடுத்த தோலகட்டியில், செபமாலைத் தாசர் சபையைத் தொடங்கினார். மௌனம், உழைப்பு, ஒறுத்தல், இரவும் பகலும் ஓயாத செபமாலை என்று அவர்களுடைய வாழ்வு அமைந்தது. யாழ்ப்பாணத்தார் பலருக்கு தோலகட்டி என்றதும் அந்தத் துறவிகள் செய்யும் நெல்லிரசம்தான் நினைவுக்கு வரும். தாங்கள் ஒறுத்திருந்தபடியே ஊருக்கு இனிப்பைக் கொடுத்தவர்கள் அவர்கள். போரில் அந்தப் பகுதி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனபோது அவர்களும் இடம்பெயர்ந்தார்கள்.

போரைச் சொல்லாமல் யாழ்ப்பாணத்தில் பசியைப் பற்றி எழுத முடியாது. இந்த மண்ணில் பலர் விரும்பிப் பட்டினி கிடந்தவர்கள் அல்லர். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் துளித்துளியாக அளக்கப்பட்டது. 1995 ஜூலை 9இல் நவாலி புனித பேதுருவானவர் ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் மீது விமானக் குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். சைவர்களும் கிறிஸ்தவர்களும் ஒரே வளவில், ஒரே நாளில் மாண்டார்கள். 2009இல் போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் அரிசியும் உப்பும் தண்ணீருமாகக் காய்ச்சிய கஞ்சிக்காக வரிசையில் நின்றவர்கள் இன்றும் நம்மிடையே நடமாடுகிறார்கள். ஒவ்வொரு மே மாதமும் அதன் நினைவாகக் கோயில் வாசலிலும் சந்தியிலும் அந்தக் கஞ்சி வார்க்கப்படுகிறது. 2024 மே மாதம் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் கஞ்சி கொடுத்ததற்காகக் கைது செய்யப்பட்டவர்களும் உண்டு. ஒரு சிரட்டை கஞ்சி இங்கே எவ்வளவு கனமானது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஆகவே சபைகள் கூடி நடத்தும் உபவாச ஜெபம் கஞ்சியில் முடியவேண்டும். வீட்டுக்குப் போய்த் தனித்தனியே உபவாசத்தை முடிக்காமல், கோயில் முற்றத்திலேயே பாய் விரித்து, எல்லாரும் நிலத்தில் இருந்து குடிக்கிற கஞ்சி. நற்கருணையில் இன்னும் ஒன்றாக அமர முடியாதவர்கள் ஒன்றாக அமரக்கூடிய ஒரே பந்தி அது. அதற்கு எந்த ஆயர் பேரவையின் அனுமதியும் தேவையில்லை.

சமையலில் பெரிய வித்தை இல்லை. பச்சையரிசியும் வறுத்த பயறும் கிடாரத்தில் குழைய வேகும். தேங்காயின் முதற்பால் கடைசியில், அடுப்பைத் தணித்த பிறகு. உப்பு அளவாக. பக்கத்தில் அம்மியில் அரைத்த சம்பல். கஞ்சி குடிக்கப் பனையோலையில் பிளா கோலத் தெரிந்த கிழவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். முக்கியமானது அகப்பை யார் கையில் என்பதுதான். ஒவ்வொரு ஆண்டும் வெவ்வேறு சபை, வெவ்வேறு குறிச்சி. அதிலும் கோயில் நிர்வாகத்தில் பெயர் வராத குறிச்சிகளின் பெண்கள் சமைக்கவேண்டும், மற்ற எல்லாரும் அவர்கள் கையால் வாங்கிக் குடிக்கவேண்டும். திருமணப் பேச்சு என்றதும் சாதி விசாரிக்கும் கிறிஸ்தவ வீடுகள் குடாநாட்டில் இன்னும் இருக்கும்போது, இது வெறும் அடையாளச் சடங்கு என்று சொல்வதற்கில்லை. ஏசாயா தீர்க்கதரிசியின் 58ஆம் அதிகாரம் தலையைக் கவிழ்த்துக்கொள்ளும் உபவாசத்தை ஒதுக்கிவிட்டு, பசித்தவனோடு அப்பத்தைப் பகிர்வதை உபவாசம் என்கிறது. இதை அறியாத போதகர் யாழ்ப்பாணத்தில் ஒருவரும் இல்லை.

ஒரு நிபந்தனை. அந்தக் கஞ்சியோடு துண்டுப்பிரசுரம் கொடுக்கக்கூடாது, ஒலிபெருக்கியும் வேண்டாம். சோற்றுக்காக வேதக்காரராய்ப் போனவர்கள் என்ற பழைய ஏளனம் ஊரில் இன்னும் சாகவில்லை. மதமாற்றப் பேச்சு எழும்போதெல்லாம் அது தலைகாட்டுகிறது. ஆலய வாசலைத் திறந்து வைத்து, வழியால் போகும் சைவரும் முஸ்லிமும் வந்து குடித்துவிட்டுப் பெயர் சொல்லாமல் போகக் கூடியதாக இருக்கவேண்டும். சித்திரைக் கஞ்சியும் நோன்புக் கஞ்சியும் இந்த ஊரில் அப்படித்தான் வார்க்கப்பட்டன.

அடுத்த ஒன்றிப்பு வாரத்தின் கடைசி நாளுக்கு இன்னும் காலம் இருக்கிறது. கிடாரம் எந்தக் கோயிலிலும் இரவல் வாங்கலாம், விறகுக்குப் பனை மட்டை போதும். எந்த முற்றத்தில் அடுப்பு மூட்டுவது என்பதை மட்டும் போதகர்களும் குருக்களும் பாஸ்டர்மாரும் ஒருமுறை கூடி இருந்து பேசவேண்டும்.